பெயர் தெரியாத பூச்சி

நுழையும்முன்

வீட்டைக் கட்டியவர் மனிதர். அதில் குடியிருப்போரோ மனிதர் மட்டுமல்லர். அரிசிப் பானையிலும் புத்தக அடுக்கிலும் குளியலறைச் சுவரிலும் எண்ணற்ற சிற்றுயிர்கள் வாழ்கின்றன. ஈ, எறும்பு, கொசு, கரப்பான் எனச் சிலவற்றின் பெயர்களையே வீட்டார் அறிவர். எஞ்சியவை யாவும் ‘ஏதோ ஒரு பூச்சி’ என்னும் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த ‘ஏதோ ஒன்று’ எது என்று கண்டறியும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்ட ஓர் ஐப்பசி இரவு. வயல்வெளியை அடுத்த வீட்டில் மாணவி ஒருத்தி விளக்கின்கீழ் அமர்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். வெளிச்சத்தை நாடி வந்த பூச்சிகளுள் ஒன்று அவள் கழுத்தில் ஊர்கிறது. கை தானே எழுந்து அதனை நசுக்கித் தேய்த்துவிடுகிறது. அப்போது வலி ஏதும் இல்லை. ஒரு நாள் கடந்தபின், கோடு இழுத்தாற்போலத் தோல் சிவந்து எரிகிறது. அதன்மேல் சிறு கொப்புளங்கள் எழுகின்றன. அதனை அக்கி என்று கருதிக் குயவரிடம் அழைத்துச் சென்று காவி எழுதச் செய்யும் வீட்டாரும் உண்டு. இரவில் சிலந்தி கடித்திருக்கும் என்று முடிவுகட்டுவோரும் உண்டு.

உண்மையில் நேர்ந்தது வேறு. அவள் கழுத்தில் ஊர்ந்தது பீடரஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த சிறு வண்டு. அதன் நீளம் 7 முதல் 10 மில்லிமீட்டர் வரை இருக்கும். கரிய தலை, செம்மஞ்சள் மார்பு, நீலம் மின்னும் குட்டையான முன்சிறகுகள், செம்மஞ்சள் வயிறு, வயிற்றின் நுனியில் மீண்டும் கருமை என அதன் உடல் பட்டைபட்டையாக நிறம் மாறும். பார்ப்பதற்கு வண்டைப் போல இராது. சற்றுப் பெரிய எறும்பைப் போலத் தோன்றும். விரட்டினால் வயிற்றின் நுனியை உயர்த்திக்கொண்டு ஓடும். இவ்வண்டு கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. இதன் உடல்நீரில் பீடரின் என்னும் நச்சுப்பொருள் கலந்துள்ளது. அந்நஞ்சை ஆக்குவது வண்டின் உடலுக்குள் வாழும் ஒருவகை நுண்ணுயிரி என்பது வியப்பான செய்தி. உடல் நசுங்கும்போது நஞ்சு தோலில் படிகிறது. தேய்த்த கை எந்தத் திசையில் சென்றதோ அந்தத் திசையிலேயே கொப்புளமும் கோடாக எழுகிறது. அதே கையால் கண்ணைக் கசக்கினால் கண்ணும் வீங்கும்.

ஆகவே, இங்குத் துன்பம் தந்தது பூச்சியின் வருகையைவிட அதனை நசுக்கிய செயலே எனலாம். வண்டின் நிறப்பட்டைகளை ஒருமுறை உற்றுப் பார்த்து அறிந்தவர், அதனை வாயால் ஊதிவிடுவார்; அல்லது ஒரு தாளின்மேல் ஏறவிட்டு வெளியே உதறிவிடுவார். தவறி நசுங்கிவிட்டால் அவ்விடத்தை உடனே சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவவேண்டும். கொப்புளம் மிகுந்தாலோ கண்ணில் பட்டுவிட்டாலோ மருத்துவரிடம் செல்லவேண்டும். இதே வண்டு நெல்வயலில் புகையான் முதலிய தீமைசெய் பூச்சிகளைத் தின்று உழவருக்குத் துணைநிற்கிறது என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்கவேண்டும்.

கால்களை எண்ணுதல்

புதிய பூச்சி ஒன்றைக் கண்டவுடன் ‘இதன் பெயர் என்ன?’ என்று கேட்பது இயல்பு. ஆனால், அது இரண்டாவது கேள்வி. ‘இதற்கு எத்தனை கால்?’ என்பதே முதற்கேள்வி. ஆறு கால்களும், தலை, மார்பு, வயிறு என்னும் மூன்று உடற்பகுதிகளும் இருப்பின் அது பூச்சி. எட்டுக் கால்கள் இருப்பின் அது சிலந்தி, தேள், உண்ணி ஆகியவற்றின் இனம். அதற்கும் மேற்பட்ட கால்கள் இருப்பின், ஒவ்வோர் உடற்கண்டத்திலும் எத்தனை கால்கள் உள்ளன என்று நோக்கவேண்டும். கண்டத்திற்கு ஓரிணை கால்கள் உள்ளது பூரான். பெரும்பாலான கண்டங்களில் இரண்டிணை கால்கள் உள்ளது மரவட்டை. பூரான் கடித்தால் கடுமையாக வலிக்கும். மரவட்டையோ தொட்டவுடன் சுருண்டுகொள்ளும். இரண்டையும் ஒன்றெனக் கருதி அஞ்சுவது தேவையற்றது.

தமிழில் வண்டுக்கு ‘அறுகால்’ என்றொரு பெயர் உண்டு. கால்களை எண்ணிப் பார்த்தவர் இட்ட பெயர் அது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கும்போது, சிதலையும் எறும்பையும் மூவறிவு உயிர்களாகவும், நண்டையும் தும்பியையும் நான்கறிவு உயிர்களாகவும் வைக்கிறது. சிதல் என்பது கரையான். மூவறிவாவன தொடுதல், சுவைத்தல், முகர்தல், நான்காவது, காணுதல். மண்ணுக்குள் உழைக்கும் வேலைக்காரக் கரையான்களுக்குப் பெரும்பாலான இனங்களில் பார்வை இல்லை என்று இன்றைய உயிரியலும் கூறுகிறது. நீரில் வாழும் நண்டையும் காற்றில் பறக்கும் தும்பியையும் ஓரிடத்தில் வைத்த வகைப்பாடும் எண்ணத்தக்கது. இக்கால அறிவியலும் அவ்விரண்டையும் கணுக்காலிகள் என்னும் ஒரே பெருந்தொகுதியில் சேர்க்கிறது. தொல்காப்பியர் புலனறிவைக் கொண்டு வகுத்தார். இன்றைய அறிவியல் உடலமைப்பையும் மரபுவழியையும் கொண்டு வகுக்கிறது. அளவுகோல்கள் வேறு. இருப்பினும், பெயரிடுவதற்கு முன் பண்பை நோக்குதல் இரண்டிற்கும் பொதுவானது.

கால்களுக்கு அடுத்து நோக்கவேண்டியவை சிறகுகள். பெரும்பாலான பூச்சிகளுக்கு நான்கு சிறகுகள் உண்டு. ஈக்கும் கொசுவுக்கும் இரண்டே சிறகுகள். பின்சிறகுகள் இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசித் தலைபோன்ற இரு சிறு உறுப்புகள் இருந்து, பறக்கும்போது உடலைச் சமன்செய்கின்றன. வண்டுகளுக்கு முன்சிறகுகள் தடித்து முதுகின்மேல் மூடியாக அமைந்திருக்கும். அம்மூடிகள் சந்திக்கும் இடம் முதுகின் நடுவே நேர்கோடாகத் தெரியும். அக்கோடு ஒன்றைக் கொண்டே வண்டினத்தைப் பிற பூச்சிகளிலிருந்து பிரித்தறிந்துவிடலாம். பீடரஸில் அம்மூடிகள் குட்டையானவை என்பதால்தான் அதனை வண்டு என்று எவரும் எளிதில் எண்ணுவதில்லை.

ஈசலா, சிறகு முளைத்த எறும்பா?

முதல் மழை பெய்து ஓய்ந்த மாலைப்பொழுதில் விளக்கடியில் சிறகுள்ள பூச்சிகள் குவிகின்றன. அவை ஈசலாகவும் இருக்கலாம்; இனப்பெருக்கத்திற்காகச் சிறகு பெற்ற எறும்புகளாகவும் இருக்கலாம். ஈசல் என்பது சிறகு பெற்ற கரையானே. கண்ணில்லாத கூட்டத்திலிருந்து கண்ணுடன் பிறந்து ஒளியை நாடி வருவது அது.

இரண்டையும் பிரித்தறிய மூன்று அடையாளங்கள் போதும். ஈசலின் நான்கு சிறகுகளும் ஏறத்தாழ ஒரே நீளம் உடையவை. எறும்பின் முன்சிறகுகள் பின்சிறகுகளைவிடப் பெரியவை. ஈசலின் இடை தடித்திருக்கும். எறும்பின் இடையோ நூலாய் ஒடுங்கியிருக்கும். ஈசலின் உணர்கொம்பு மணி கோத்தாற்போல நேராக நீளும். எறும்பின் உணர்கொம்பு முழங்கையைப் போல மடங்கியிருக்கும். பூச்சியே கண்ணில் படாமல், தரையில் சிறகுகள் மட்டும் குவியலாகக் கிடந்தாலும் அவற்றின் அளவை ஒப்பிட்டுப் பார்த்து முடிவுக்கு வரலாம்.

இதனை அறிவதால் என்ன பயன்? வெளியிலிருந்து விளக்கை நோக்கி வந்த ஈசலால் வீட்டுக்குக் கேடில்லை. சிற்றூர்களில் அதனைப் பிடித்து, வறுத்து, அரிசியோடு கலந்து தின்பர். ஆனால், ஈசல் வீட்டுக்குள்ளிருந்தே, கதவுநிலையின் விரிசலிலிருந்தோ சுவரின் வெடிப்பிலிருந்தோ புறப்பட்டு வருமாயின், சுவருக்குள்ளோ தரைக்கு அடியிலோ கரையான் குடியேறி நெடுநாள் ஆயிற்று என்பது பொருள். பாய்ந்த சிறகுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு அதனை மறந்துவிடும் வீட்டார், சில ஆண்டுகளுக்குப் பின் நிலைக்கதவைத் தட்டிப் பார்த்து உள்ளே வெறுமையாக ஒலிப்பதைக் கேட்க நேரிடும்.

கரையானை ‘வெள்ளை எறும்பு’ என்று அழைத்த ஐரோப்பியரும் நெடுங்காலம் இக்குழப்பத்தில் இருந்தனர். லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்டு கோனிக், 1768ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவர். தஞ்சைப் பகுதியின் கரையான்களை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1779இல் பெர்லினில் வெளியாயிற்று. அக்கட்டுரையின் தலைப்பே ‘வெள்ளை எறும்பு எனப்படுவதன்’ இயற்கை வரலாறு என்று அமைந்திருந்தது. ‘எனப்படுவது’ என்னும் அச்சொல்லில் அப்பெயரின்மீது அவர் கொண்ட ஐயம் ஒலிக்கிறது. அண்மைக்கால மரபணு ஆய்வுகள் கரையானைக் கரப்பானின் மரபில் சேர்த்துள்ளன. எறும்போ குளவியின் உறவினம்.

சுவரில் ஒட்டிய விதை

ஈரம் கசியும் சுவர்களில், வெள்ளரி விதை போன்ற ஒரு சாம்பல்நிறத் துணுக்கு ஒட்டியிருப்பதைப் பலர் கண்டிருப்பர். அதன் நீளம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர். சிமெண்டுத் துகள் என்று எண்ணித் தட்ட முற்படும்போது அது மெல்ல நகரும். சற்றே பொறுத்திருந்து பார்த்தால், ஒரு முனையிலிருந்து சிறு புழுவொன்று தலையை நீட்டும். தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். பின்னர் மறுமுனை வழியாகத் தலைகாட்டும்.

அஃது ஓர் அந்துப்பூச்சியின் இளம்புழு. பட்டிழையால் உறை பின்னி, அதன்மேல் மணலும் தூசியும் ஒட்டித் தனக்குரிய வீட்டைத் தானே கட்டிக்கொண்டது. உறையின் நடுப்பகுதி அகன்றிருப்பது வீணன்று. புழு உள்ளேயே திரும்பிக்கொள்ள அவ்வகலம் வேண்டும். பழைய சிலந்திவலை, உதிர்ந்த மயிர், செத்த பூச்சி, கம்பளி நூல் ஆகியவை அதன் உணவு. அதனால் மனிதருக்குத் தீங்கில்லை. அத்தகைய உறைகள் மிகுதியாகத் தென்பட்டால் ஒட்டடை அடித்து நாளாயிற்று என்று கொள்ளலாம். மருந்து தெளிக்க வேண்டியதில்லை.

அதே சுவரில் மண்கூடு கட்டும் குளவி மற்றொரு பாடத்தைத் தருகிறது. வேட்டுவன் என்றும் அதற்குப் பெயர் உண்டு. ஈரமண்ணை உருண்டை உருண்டையாகக் கொணர்ந்து கூடு கட்டி, எங்கிருந்தோ புழுவைத் தூக்கி வந்து உள்ளே வைத்து வாயிலை மூடிவிடும். சில நாள் கழித்து அக்கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளிவருவது குளவி. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. ஆகவே, கொட்டக் கொட்டப் புழுவே குளவியாகிவிடுகிறது என்று முன்னோர் கருதினர். சமய நூல்களிலும் இஃது உவமையாகப் பயின்று வந்துள்ளது. கண்டது பொய்யன்று, இடையில் நடந்தது காணப்படவில்லை. குளவி கொட்டுவது புழுவை அசைவற்றதாக்குவதற்கே. கூட்டுக்குள் அது முட்டையும் இடுகிறது. முட்டையிலிருந்து வரும் குளவிக்குஞ்சு, கெடாமல் உயிருடன் கிடக்கும் அந்த இரையைத் தின்று வளர்கிறது. உடைந்த கூடொன்றைத் திறந்து பார்த்தால் குளவியின் வகையையும் ஓரளவு அறியலாம். பச்சைப் புழுக்கள் நிறைந்திருந்தால் அது பானைபோன்ற கூடு கட்டும் குளவி. சிலந்திகள் நிறைந்திருந்தால் அது நீண்டு மெலிந்த இடையை உடைய மண்குளவி. இவை தனித்து வாழ்பவை. கூட்டமாகத் தொங்கும் கூடு கட்டி, நெருங்கினால் திரண்டு வந்து கொட்டும் குளவிகளோடு இவற்றை ஒன்றாக எண்ணக்கூடாது.

விட்டுச்சென்ற தடங்கள்

பல பூச்சிகள் நேரில் அகப்படுவதில்லை. அவற்றின் வேலையே அகப்படுகிறது. ஏட்டுச்சுவடியையும் பழைய நூலையும் அரிப்பனவற்றை ‘இராமபாணம்’ என்னும் ஒரே பெயரால் குறிப்பது வழக்கம். எனினும் தடத்தைப் பார்த்தால் குற்றவாளிகள் வேறுவேறு என்பது புலப்படும். கட்டின் மேலேட்டிலிருந்து கீழேடு வரை ஊசியால் குத்தினாற்போல வட்டத் துளை ஊடுருவிச் சென்றால், அது சிறு வண்டொன்றின் இளம்புழு செய்தது. அட்டையின் பசையும் தாளின் மேற்பரப்பும் சுரண்டப்பட்டு ஒழுங்கற்று மெலிந்திருந்தால், அது வாலில் மூன்று இழைகளுடன் வெள்ளிபோல் மின்னி ஓடும் சிறகில்லாப் பூச்சியின் வேலை. தின்ற இடத்தில் மண் அப்பியிருந்தால் கரையான். வண்டுக்குச் செய்யும் காப்பு கரையானுக்கு உதவாது. ஏட்டிற்கு எண்ணெய் பூசுவதும் வசம்பு முடிச்சு வைப்பதும் நூலை அடுத்துவரும் பூச்சியை விலக்கலாம். சுவருக்குள்ளிருந்து வரும் கரையானுக்கு அலமாரியைச் சுவரிலிருந்து தள்ளிவைப்பதே முதல் வேலை.

சமையலறையிலும் இதுவே முறை. அரிசியில் காணப்படும் கருநிற வண்டின் முகம் முன்னோக்கிக் குழல்போல் நீண்டிருந்தால் அஃது அரிசி வண்டு. அரிசிமணியைத் துளைத்து அதற்குள் முட்டையிட்டு மூடிவிடுவதால், மேலே திரியும் வண்டுகளைப் புடைத்து நீக்கினாலும் சில நாள்களில் மீண்டும் தோன்றும். மாவிலும் இரவையிலும் திரியும் செம்பழுப்பு வண்டுக்கு அந்த நீண்ட மூக்கு இல்லை. பயற்றின்மேல் வெண்புள்ளிகள் ஒட்டியிருந்தால் அவை பயறு வண்டின் முட்டைகள். வட்டத் துளை தென்பட்டால் வண்டு வெளியேறிவிட்டது.

தெரிந்து தெளிவோம்

பூச்சிகளுக்குத் தமிழர் இட்ட பெயர்கள் பலவும் உற்றுநோக்கலின் குறிப்புகளாக உள்ளன. சுவரிடுக்கில் ஒளிந்து இரவில் குரல் எழுப்புவது சுவர்க்கோழி. முன்கால்களைக் கூப்பியவாறு நிற்பது கும்பிடுபூச்சி. முதற்பெயர் வாழிடத்தையும் ஒலியையும் சுட்டுகிறது. மற்றது நிற்கும் நிலையைச் சுட்டுகிறது.

பெயரின்றிக் கண்டறிந்தவர்

பெயர் தெரியாமலேயே பூச்சியை அடையாளம் காணமுடியுமா என்பதற்கு ரொனால்டு ராஸ் சிறந்த சான்று. இந்திய மருத்துவப் பணியில் இருந்த அவர், மலேரியாவைப் பரப்புவது கொசு என்னும் கருத்தை மெய்ப்பிக்க 1895 முதல் முயன்றார். நோயாளியைக் கடித்த கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்து நுண்ணோக்கியில் தேடினார். நோய்க்கிருமி வளர்ந்ததற்கான அடையாளம் கிட்டவில்லை. கொசுவியல் நூல் ஏதும் அவர் கையில் இல்லை. ஆதலால், கண்ணுக்குத் தெரிந்தவாறே சாம்பல்நிறக் கொசு, வரிக்கொசு எனத் தாமே பெயரிட்டுக்கொண்டார். அவர் அறுத்துக்கொண்டிருந்தவை மலேரியாவைப் பரப்பாத வகைகள் என்பது அப்போது எவருக்கும் தெரியாது.

1897 ஆகஸ்டில், செகந்திராபாத்தில், சிறகில் புள்ளிகள் உடைய வேறொரு கொசு அவருக்குக் கிடைத்தது. ‘புள்ளிச்சிறகுக் கொசு’ என்று அதனைத் தனியே குறித்துக்கொண்டார். ஆகஸ்டு 20ஆம் நாள் அதன் வயிற்றுச் சுவரில் நோய்க்கிருமியின் வளர்நிலையைக் கண்டார். அக்கொசுவே அனாஃபிலிஸ். 1902இல் அவருக்கு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. மூன்று கொசுக்களையும் ‘கொசு’ என்று ஒரே சொல்லால் அவர் குறித்திருந்தால் புதிதாக வந்த ஒன்றைப் பிரித்தறிந்திருக்க முடியாது.

ராஸ் கண்ட வேறுபாடு இன்று ஒவ்வொரு வீட்டிற்கும் தேவைப்படுகிறது. சுவரில் அமர்ந்த கொசு, உடலின் பின்பகுதியைத் தூக்கிச் சாய்வாக நின்றால் அஃது அனாஃபிலிஸ். அதில் ஒருவகை, நகர்ப்புற வீடுகளின் கிணற்றிலும் மூடாத மேல்நிலைத் தொட்டியிலும் வளர்கிறது. கரிய உடலும், கால்களில் வெள்ளை வளையங்களும் கொண்டு பகலில் கடிப்பது, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ். அது நல்ல நீரையே நாடும். பூந்தொட்டித் தட்டும் தேங்காய்ச் சிரட்டையும் அதற்குப் போதும். பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய அதன் முட்டைகள் நீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். எனவே, நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேய்த்துக் கழுவவேண்டும். மாலையில் புகைபோட்டுவிட்டுப் பகல் முழுவதும் தொட்டியைத் திறந்து வைத்திருக்கும் வீட்டில் டெங்கு வந்தால், அங்குத் தவறியது முயற்சியன்று. பூச்சியைப் பற்றிய அறிவு.

சான்றைக் காத்தல்

எத்துணை நோக்கியும் அறிய முடியாத பூச்சிகள் இருக்கவே செய்யும். அவற்றை அறிந்தவரிடம் காட்டவேண்டும். காட்டுவதற்குப் பூச்சி முழுதாக இருக்கவேண்டும். துடைப்பத்தால் அடித்துச் சிதைந்த உடலில் சிறகும் உணர்கொம்பும் எஞ்சுவதில்லை. கால்களைக்கூட எண்ண இயலாது. கண்ணாடிக் குவளையொன்றைப் பூச்சியின்மேல் கவிழ்த்து, அடியில் தடித்த தாளைச் செருகினால் அது காயமின்றி அகப்படும். கைப்பேசியில் மேலிருந்து ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாகப் படமெடுக்கலாம். அருகில் ஓர் அளவுகோலையோ நாணயத்தையோ வைத்தால்தான் பூச்சியின் அளவு விளங்கும். நாள், நேரம், கண்ட அறை, விளக்கு எரிந்ததா, ஒன்றா பலவா என்பவற்றையும் எழுதிவைக்கவேண்டும். படத்தில் தெரியாத பலவற்றை இக்குறிப்புகள் சொல்லும்.

படத்தைக் கண்டு பெயர் கூறும் செயலிகள் இன்று உள்ளன. அவை தருவது ஊகம். ஒத்த உருவமுடைய வேறொன்றின் பெயரை உறுதியான குரலில் கூறிவிடுவதும் உண்டு. செயலி சொன்ன பெயரை வைத்துக்கொண்டு, காலும் சிறகும் இடையும் அதற்குப் பொருந்துகின்றனவா என்று மீண்டும் பூச்சியையே பார்க்கவேண்டும். மாவட்டங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்கள், கல்லூரிகளின் விலங்கியல் துறைகள், 1916இல் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சென்னை மண்டல மையம் ஆகியவற்றில் துறை அறிந்தோர் உள்ளனர். கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2018இல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்தில் பல்வேறு பூச்சியினங்கள் பெயர்ச்சீட்டுடன் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. வீட்டில் கண்ட பூச்சியின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்குச் சென்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.